நடுவானில் மோட்டார் அடங்கினால்: ஏரோபாட்டிக் மாடல்களின் இஎஸ்சி கோளாறுகள், அறிகுறி வாரியாக

மின்மோட்டாரில் பறந்து வானில் வித்தை காட்டும் ஏரோபாட்டிக் மாடல் விமானத்தில் எது கெட்டாலும் பழி முதலில் இஎஸ்சி மேல்தான், அதாவது பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பலகை மேல்தான் விழும். மோட்டார் நின்றதா, இஎஸ்சி போச்சு. சூடானதா, 40 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 60 ஆம்பியர் போடு. இப்படித் தூக்கிப்போட்ட இஎஸ்சிகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கும். புதிது மாட்டிய பிறகும் பழைய கோளாறு அப்படியே தொடரும். காரணம் புரொப்பெல்லரில் இருக்கும், பேட்டரியில் இருக்கும், காற்று வெளியேற வழியே இல்லாத மூக்குப் பகுதியில் இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், புதிதாக வாங்க வேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

கையில் வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், வோல்ட், ஆம்பியர், வாட் மூன்றும் காட்டும் ஒரு வாட்மீட்டர், பேட்டரியின் ஒவ்வொரு செல் வோல்டேஜையும் பார்க்கும் செக்கர். இவற்றில் வாட்மீட்டர் இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் செய்வதெல்லாம் வெறும் ஊகம்.

புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் சோதனைகளைத் தொடங்க வேண்டும். சுமையோடு பார்க்க வேண்டிய இடங்களைத் தனியாகச் சொல்கிறேன். அப்போது மாடலின் வாலை அசையாமல் கட்டிவிட்டு, புரொப்பெல்லருக்குப் பின்னால் இருந்து பாருங்கள். அது சுற்றும் தளத்துக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது.

## பேட்டரி இணைத்தும் எந்தச் சத்தமும் இல்லை

இஎஸ்சிக்குள் தனி ஒலிபெருக்கி கிடையாது. நாம் கேட்கும் பீப், மோட்டாரின் சுருள்களிலிருந்து வருவது. ஆகவே அமைதியாக இருப்பதை மட்டும் வைத்து இஎஸ்சி செத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை ஆட்டி, இறக்கை, வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ அசைகிறதா என்று பாருங்கள்.

சர்வோ அசைகிறது, பீப் இல்லை. இஎஸ்சிக்கு மின்சாரம் வருகிறது. மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளின் புல்லட் கனெக்டர்களைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். பிறகு டிரான்ஸ்மிட்டரின் சிக்னலை வாங்கும் ரிசீவரில், இஎஸ்சி செருகி த்ராட்டில் (மோட்டார் வேகம்) சேனலில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். சிக்னல் வராதவரை வாயே திறக்காத இஎஸ்சிகளும் உண்டு.

சர்வோவும் அசையவில்லை. பேட்டரி வோல்டேஜை இஎஸ்சி பக்கத்துக் கனெக்டரில் அளந்து பாருங்கள், பேட்டரியில் மட்டும் அல்ல. அடுத்து, ரிசீவரில் செருகி தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா? கறுப்பு அல்லது பழுப்பு நெகட்டிவ், சிவப்பு பாசிட்டிவ், வெள்ளை, மஞ்சள் அல்லது ஆரஞ்சு சிக்னல். மூன்றாவதாக, இஎஸ்சி லேபிளில் 'ஆப்டோ' என்று இருக்கிறதா? அப்படியானால் அதில் பிஇசி, அதாவது ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பகுதி, இல்லை. ரிசீவருக்கு அது 5 வோல்ட் கொடுக்கவே கொடுக்காது, தனி மின்வழி வேண்டும். வாங்கும்போது கவனிக்காமல் விட்டு, பெட்டியைத் திறந்த அன்றே திருப்பி அனுப்பப்படும் இஎஸ்சிகளில் இந்த வகையும் உண்டு.

இத்தனைக்குப் பிறகும் உயிர் இல்லையென்றால், பேட்டரி, மோட்டார் இரண்டையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வையுங்கள். இஎஸ்சியின் சிவப்பு பேட்டரிக் கம்பிக்கும் மோட்டார் கம்பிகள் ஒவ்வொன்றுக்கும் இடையே தொட்டுப் பாருங்கள். பிறகு கறுப்புக் கம்பியிலிருந்து அதே மூன்று. எந்த ஒன்றிலாவது மீட்டர் நேரடி இணைப்பு என்று கத்தினால் உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகியிருக்கிறது. அதோடு பேட்டரியை மறுபடி இணைக்கவே வேண்டாம்.

## பீப் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை

பாதிக்கு மேல் இது டிரான்ஸ்மிட்டர் சங்கதி. மோட்டாரை அணைத்துவைக்கும் த்ராட்டில் கட் சுவிட்ச் போட்டிருக்கிறதா, த்ராட்டிலைச் சற்றே ஏற்றி இறக்கும் ட்ரிம் மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபுடாபா டிரான்ஸ்மிட்டர் என்றால் த்ராட்டில் சேனலை ரிவர்ஸ் செய்ய வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ஸ்டிக் கீழே இருக்கும்போது முழு த்ராட்டில் என்று இஎஸ்சி நினைத்துக்கொண்டு பாதுகாப்பாக முடங்கிக் கிடக்கும்.

பிறகு த்ராட்டில் வரம்பைச் சொல்லிக்கொடுங்கள். டிரான்ஸ்மிட்டரைப் போட்டு ஸ்டிக்கை முழுதாக மேலே வைத்து, பேட்டரியை இணைத்து, உறுதி செய்யும் பீப் வந்ததும் ஸ்டிக்கை அடிவரை இறக்குங்கள். டிரான்ஸ்மிட்டர் மாற்றினால், எண்ட் பாயிண்டை (ஸ்டிக்கின் எல்லை அளவை) மாற்றினால், இதை மறுபடி செய்ய வேண்டும்.

வேகமாக, விடாமல் பீப் அடித்தால் அது வோல்டேஜ் புகாராகவும் இருக்கலாம். பீப் வகைகள் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் என்பதால் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும்.

## சுற்ற முயன்று நடுங்குகிறது, முன்னும் பின்னும் துடிக்கிறது

மூன்று கம்பிகளில் ஒன்று சரியாகத் தொடவில்லை. கிட்டத்தட்ட எப்போதும் இதுதான்.

புல்லட் கனெக்டரின் சால்டரிங்கைப் பாருங்கள். ஈயம் மங்கலாக, உருண்டு நின்றால் அது சரியாக ஒட்டவில்லை. கம்பியை லேசாக இழுத்தாலே வந்துவிடும். இன்னொன்று, மோட்டார் கம்பி நீளமாக இருக்கிறது என்று வெட்டிச் சுருக்கினீர்களா? வெளிக்கூடே சுற்றும் வகையான அவுட்ரன்னர் மோட்டார்கள் பலவற்றில் வெளியே நீளும் கம்பி சுருளின் இழைகளேதான். ஒவ்வொரு இழை மீதும் எனாமல் பூச்சு இருக்கும். தயாரிப்பாளர் முனையில் மட்டும் அதை நீக்கியிருப்பார். வெட்டிய இடத்தில் ஒவ்வொரு இழையையும் சுரண்டாமல் சால்டர் செய்தால் பாதி இழை ஒட்டும், பாதி ஒட்டாது. மெதுவாகச் சுற்றும்போது சரியாக இருந்து, சுமை ஏறியதும் துடிக்க ஆரம்பிக்கும்.

மோட்டாரா இஎஸ்சியா என்று பிரிக்க மீட்டர் உதவாது. சுருளின் தடை மிகச் சிறியது, சாதாரண மல்டிமீட்டருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். இஎஸ்சியிலிருந்து கழற்றிவிட்டு, மோட்டாரின் ஏதாவது இரண்டு கம்பிகளைத் தொடவைத்து, கையால் சுற்றுங்கள். பிரேக் பிடித்ததுபோல் ஒரு கனம் தெரியும். மூன்று ஜோடிகளிலும் அந்தக் கனம் ஒரே மாதிரி இருந்தால் சுருள் நலம். எந்த ஜோடியிலாவது லேசாகச் சுற்றினால் அந்த வழி அறுந்திருக்கிறது. கம்பிகள் எதையும் இணைக்காமலே கனமாகச் சுற்றினால் சுருள் உள்ளே ஷார்ட், மோட்டார் போய்விட்டது.

மோட்டார் தேறினால் வேறொரு இஎஸ்சியில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதில் நன்றாக ஓடினால்தான் பழைய இஎஸ்சியைக் குற்றவாளி என்று சொல்லலாம். சுருள் பழுதை வீட்டில் சரிசெய்வது வீண் முயற்சி. பெரிய, விலை உயர்ந்த மோட்டார் என்றால் ரீவைண்டிங் தெரிந்தவரிடம் கொடுங்கள், சிறியதென்றால் மாற்றிவிடுங்கள்.

## சட்டென்று த்ராட்டில் கொடுத்தால் கீச்சென்று கத்தித் தடுமாறுகிறது

மெதுவாக ஏற்றினால் முழு வேகம் வரை போகும். மூக்கு வானைப் பார்க்க அந்தரத்தில் நிற்கும் ஹோவரிலிருந்து மேலே இழுக்க ஸ்டிக்கைத் தட்டினால் மட்டும் கீச்சிட்டு, சக்தி விட்டுப்போகும். சைக்கிள் செயின் பல் நழுவுவது போல, இஎஸ்சி மோட்டாரின் நிலையைத் தவறவிட்டிருக்கிறது. ஹோவர் போன்ற வித்தைகள் கொண்ட 3டி பறப்பில் மாடல் தரைக்குப் பக்கத்தில் வாலில் நிற்கும்போதுதான் இது வரும் என்பதால் அலட்சியமாக விடக் கூடாது.

முதலில் டைமிங், அதாவது சுருள்களுக்கு இஎஸ்சி எவ்வளவு முன்னதாக மின்சாரம் தருகிறது என்ற அமைப்பு. அவுட்ரன்னருக்கு 'லோ' வைத்திருந்தால் 'மீடியம்' ஆக்குங்கள், பல இஎஸ்சிகளில் அது 15 டிகிரி அளவில் இருக்கும். அதிலும் சரியாகாவிட்டால் ஒரு படி மேலே. ஏற்ற ஏற்ற மின்னோட்டமும் சூடும் கூடும், ஆகவே ஒவ்வொரு படிக்கும் வாட்மீட்டரைப் பாருங்கள். பிறகு ஆக்ஸிலரேஷன் அல்லது ஸ்டார்ட்டப் வேகத்தை ஒரு படி தணியுங்கள். விரல் நுனியில் வேறுபாடு தெரியாத அளவு தணித்தாலே பல மோட்டார்களில் தடுமாற்றம் நின்றுவிடும்.

அமைப்புகளில் தீரவில்லையா? சோர்ந்த பேட்டரி அந்தக் கணத்தில் வோல்டேஜைக் கீழே தள்ளுகிறதா என்று இன்னொரு பேட்டரியில் பாருங்கள். புரொப்பெல்லரை ஓர் அங்குலம் குறைத்துப் பாருங்கள். மோட்டாரின் சுழலும் வெளிக்கூட்டைக் கையால் சுற்றி, உள்ளே காந்தம் எதுவும் ஒட்டு விட்டு நகர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். விழுந்து எழுந்த மாடல்களில் இது நடக்கும். மிஞ்சுவது, அந்த மோட்டாரும் அந்த இஎஸ்சியின் மென்பொருளும் ஒத்துப்போகாத நிலை. இதில் ஆம்பியர் அதிகமான அதே மாடல் இஎஸ்சி வாங்கினால் ஒன்றும் மாறாது, வேறு வகை இஎஸ்சிதான் வேண்டும்.

## பறக்கும்போது சக்தி குறைகிறது, அல்லது அடங்கிவிடுகிறது

மோட்டார் அடங்கிய நேரத்தில் இறக்கை மடலான எய்லரான், வால் மடலான எலிவேட்டர் வேலை செய்தனவா என்பதை முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். அவையும் செத்திருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கில்லை, கீழே பிஇசி பகுதிக்குப் போங்கள்.

இறக்கியதும் பேட்டரியைப் பிடுங்கிவிடாதீர்கள். செல் வோல்டேஜைப் பார்த்துவிட்டு, கழற்றிய கையோடு இஎஸ்சி, பேட்டரி, மோட்டார் மூன்றையும் விரலால் தொடுங்கள். ஐந்து விநாடி விரலை வைக்க முடியாவிட்டால் 60 டிகிரி அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

பறப்பின் கடைசிப் பகுதியில், பேட்டரி சூடாக, இஎஸ்சி வெதுவெதுப்பாக. லோ வோல்டேஜ் கட், அதாவது பேட்டரியைக் காக்க இஎஸ்சி தானே சக்தியைக் குறைப்பது. இஎஸ்சி தன் வேலையைத்தான் செய்திருக்கிறது. ஆனால் தரையில் அளந்தால் செல்லுக்கு 3.7 வோல்ட் காட்டும், குழப்பம் வரும். சுமை நீங்கியதும் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் வோல்டேஜ் மேலே ஏறிவிடும். மாடலைக் கட்டி, முழுதாக சார்ஜ் செய்த பேட்டரியோடு 10 விநாடி முழு த்ராட்டில் கொடுத்து, வாட்மீட்டரில் அந்தச் சுமையின்போது இருக்கும் வோல்டேஜைப் படியுங்கள். செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்துவிட்டது, அல்லது இந்த வேலைக்குச் சிறியது. லேபிளில் உள்ள 'சி' கணக்கை, அதாவது கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு ஆம்பியர் தரும் என்பதை, நான் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வேன். 2200 எம்ஏஹெச், 30 சி என்றால் தாளில் 66 ஆம்பியர் வரும், நடைமுறைக்கு 30, 35.

கட் வகை 'ஹார்ட்' என்றிருந்தால் 'சாஃப்ட்' ஆக்குங்கள். விமானத்தில் மோட்டாரைப் பட்டென்று நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. சாஃப்ட் கட் வந்தபின் ஸ்டிக்கை அடிவரை இறக்கி மறுபடி ஏற்றினால் பெரும்பாலான இஎஸ்சிகள் கொஞ்சம் சக்தி தரும். அது தரையிறங்க மட்டும்.

செல் எண்ணிக்கையைத் தானாகக் கண்டுபிடிக்கும் இஎஸ்சியில், ஏறக்குறைய தீர்ந்த பேட்டரியை இணைத்தால் தவறாக எண்ணிவிடலாம். 6 செல் பேட்டரி செல்லுக்கு 3.5 வோல்ட்டில் இருந்தால் மொத்தம் 21 வோல்ட், அது முழுதாக சார்ஜ் ஆன 5 செல்லுக்குச் சமம். பிறகு கட் தாமதமாக வரும், பேட்டரி வீங்கும். இணைக்கும்போது பீப்பை எண்ணுங்கள்.

பறப்பின் நடுவில், இஎஸ்சி தொட முடியாத சூடு. வெப்பப் பாதுகாப்பு. அடுத்த பகுதி.

பேட்டரியும் இஎஸ்சியும் குளிர்ச்சி, மோட்டார் மட்டும் கொதிக்கிறது. புரொப்பெல்லர் பெரிது, அல்லது பேரிங் இறுகிவிட்டது. சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். ஒருமுறை இழந்த வலு ஆறியபின் திரும்பாது, மோட்டார் முன்பைவிட அதிக மின்னோட்டம் எடுக்க ஆரம்பிக்கும்.

## இஎஸ்சி சூடாகிறது

பெரியது வாங்கத் தூண்டும் அறிகுறி இதுதான்.

காற்று. இஎஸ்சியை ஸ்பாஞ்சில் சுற்றி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஹீட் சிங்க் தட்டு உள்ள பக்கம் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும், மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மூக்கில் காற்று நுழையும் துளையை எல்லோரும் பெரிதாக்குகிறார்கள், வெளியேறும் துளையை மறந்துவிடுகிறார்கள். வெளியேறும் பரப்பு, நுழையும் பரப்பைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். உடலின் அடியில், பேட்டரிக்குப் பின்னால் ஒரு துளை வெட்டுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். பல இஎஸ்சிகளைக் காப்பாற்றியிருப்பது அந்தத் துளைதான்.

பறக்கும் முறை. முழு த்ராட்டிலில் நேராகப் பறப்பதைவிட, பாதி த்ராட்டிலில் ஹோவர் செய்வது இஎஸ்சிக்குக் கடினம். உள்ளே சுவிட்சுகள் ஓயாமல் திறந்து மூடுகின்றன, மாடல் நிற்பதால் காற்றும் வருவதில்லை. தரையில் முழு த்ராட்டில் அளவு 35 ஆம்பியர் என்றால் 40 ஆம்பியர் இஎஸ்சி சாதாரணப் பறப்புக்குப் போதும், 3டிக்குப் போதாது. ஆக்டிவ் ஃப்ரீவீலிங் வசதி உள்ள இஎஸ்சிகள் இந்தப் பாதி த்ராட்டில் சூட்டைக் கணிசமாகக் குறைக்கும். அமைப்பில் அது அணைந்திருந்தால் போடுங்கள்.

புரொப்பெல்லரும் செல் எண்ணிக்கையும். முழு சார்ஜில் வாட்மீட்டர் படிப்பை எழுதி வையுங்கள். விட்டம் 10லிருந்து 11 அங்குலம் ஆனால் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடலாம். 3 செல்லிலிருந்து 4 செல்லுக்குத் தாவும்போது அதே புரொப்பெல்லரை விட்டுவைத்தால் இன்னும் மோசம். மின்னோட்டம் ஏறக்குறைய வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 30 ஆம்பியர் எடுத்தது 50ஐத் தொடும். செல் கூட்டினால் புரொப்பெல்லரைக் குறையுங்கள், அல்லது குறைந்த கேவி (ஒரு வோல்ட்டுக்கான சுற்று வேகம்) மோட்டாருக்கு மாறுங்கள்.

பேட்டரிக் கம்பியின் நீளம். எடைச் சமநிலைக்காக பேட்டரியைப் பின்னால் தள்ளி, பேட்டரிப் பக்கக் கம்பியை நீட்டியிருக்கிறீர்களா? நீளும் ஒவ்வொரு அங்குலமும் இஎஸ்சியின் கெப்பாசிட்டர்களை வறுக்கிறது. நீட்ட வேண்டியது மோட்டார் பக்கக் கம்பியை. வழியே இல்லையென்றால் கூடுதலான ஒவ்வொரு 10 சென்டிமீட்டருக்கும் ஒரு 220 மைக்ரோஃபாரட் லோ-இஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கெப்பாசிட்டரை இஎஸ்சிக்குப் பக்கத்தில், துருவம் பார்த்து, பேட்டரியின் முழு வோல்டேஜுக்கு நன்றாக மேலே தாங்கும் வகையில் சேர்க்க வேண்டும். சால்டரிங் கை பழகாதவர்கள் பழகியவரிடம் கொடுப்பது நல்லது. துருவம் மாறினால் கெப்பாசிட்டர் வெடிக்கும்.

இவை நான்கும் சரியாக இருந்தும் சூடானால்தான் பெரிய இஎஸ்சி.

## சர்வோ உதறுகிறது, ரிசீவர் ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது

பிஇசி திணறுகிறது. இந்த நிலையில் மாடலைப் பறக்கவிடாதீர்கள்.

முதலில் செலவில்லாதது: எந்த சர்வோவாவது இறுதி நிலையில் முட்டிக்கொண்டு முனகுகிறதா? ஹிஞ்ச் இறுகியிருக்கிறதா? தடைபட்டு நிற்கும் ஒரு நடுத்தர டிஜிட்டல் சர்வோ தனியாகவே 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

ரிசீவரின் காலியான சேனலில் மீட்டரை வைத்து, இரண்டு ஸ்டிக்குகளையும் சுழற்றி ஆட்டுங்கள். 5 வோல்ட் பிஇசி 4.5க்குக் கீழே தொங்கினால் போதாது என்று பொருள். மீட்டருக்குத் தெரியாத நொடிநேரச் சரிவுகள், மாடலிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு அளவுகளை அனுப்பும் டெலிமெட்ரியின் குறைந்தபட்ச வோல்டேஜில் தெரியும்.

லீனியர் பிஇசி என்றால் காரணம் தேட வேண்டியதில்லை. 4 செல், முழு சார்ஜ், 16.8 வோல்ட். அதை 5 வோல்ட்டாக்கி 2 ஆம்பியர் கொடுக்கும்போது 23 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகிறது, அதுவும் அதே சின்னப் பலகையில். 3 செல்லுக்கு மேல் லீனியர் பிஇசியை ஏரோபாட்டிக் மாடலில் நான் நம்புவதில்லை. தனி ஸ்விட்சிங் பிஇசி ஒன்று மாட்டுங்கள். இஎஸ்சி செருகியின் நடுவிலுள்ள சிவப்புப் பின்னை வெளியே எடுத்து, டேப் சுற்றி மடக்கிவிடுங்கள், இரண்டு மின்வழிகள் மோதக் கூடாது. 6 செல்லும் அதற்கு மேலும் என்றால் ரிசீவருக்குத் தனி பேட்டரி.

## த்ராட்டில் மந்தமாக, தாமதமாக வருகிறது

அமைப்பில் 'ஹெலி', 'கவர்னர்' அல்லது 'சாஃப்ட் ஸ்டார்ட்' இருந்தால் எடுத்துவிடுங்கள், அவை ஹெலிகாப்டருக்கானவை. பிரேக், 3டிக்கு அணைந்திருக்கட்டும். துல்லிய ஏரோபாட்டிக்ஸில் செங்குத்தாக இறங்கும்போது வேகத்தை அடக்க லேசான பிரேக் வைப்பவர்கள் உண்டு. கடுமையாக வைத்தால் புரொப்பெல்லர் நட்டு தளரும்.

## தீப்பொறி, கருகல் வாடை, புகை

இணைக்கும்போது 'டப்' என்ற சிறு பொறி, கெப்பாசிட்டர் நிரம்புவதால் வருவது. 6 செல்லிலிருந்து அது கனெக்டரையே அரிக்கும், ஆன்டி-ஸ்பார்க் கனெக்டர் மாட்டிவிடுங்கள்.

கெப்பாசிட்டரின் தலை வீங்கியிருந்தாலோ, கருகல் வாடை வந்தாலோ இஎஸ்சியைத் தூக்கிப்போடுங்கள். மாஸ்ஃபெட் மாற்றித் தருபவர்கள் இருந்தாலும், அப்படிப் பிழைத்ததை மறுபடி வானில் நம்ப என்னால் முடியாது. வாரன்டி இருந்தால் எதையும் பிரிக்காமல் தயாரிப்பாளரின் சர்வீஸுக்கு அனுப்புங்கள். வீங்கிய லைப்போவை வீட்டில் திறக்கவோ அழுத்தவோ கூடாது. 8 செல், 10 செல், 12 செல் மாடல்களில் புகை வந்திருந்தால் அடுத்த இணைப்பை அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள்.

## மாற்றியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டால்

எண்ணை வாட்மீட்டரிலிருந்து எடுங்கள். ஏறத்தாழ 1.2 கிலோ மாடல், கிலோவுக்கு 400 வாட் அளவில் 3டிக்குத் தாராளமாக வரும். 4 செல்லில், சுமையில் 14 வோல்ட் நிற்கிறது, முழு த்ராட்டிலில் 36 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். கால் பங்கு கூட்டினால் 45. கடையில் 50 ஆம்பியர் கிடைக்கும், அது போதும். 80 வாங்கினால் கெடுதல் இல்லை, எடைதான் கூடும், மூக்கில் இடமும் இருக்காது.

லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது தொடர்ந்து தாங்கும் அளவா, 10 விநாடி தாங்கும் அளவா என்று படியுங்கள். இரண்டாவதை முதலாவது போல் அச்சிடும் வழக்கம் உண்டு. அடுத்து செல் வரம்பு, பிறகு பிஇசி வகையும் ஆம்பியரும். பதிவு எடுக்கும் வசதி இருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். அடுத்த முறை மோட்டார் அடங்கும்போது குறைந்தபட்ச வோல்டேஜ், அதிகபட்ச ஆம்பியர், சூடு மூன்றும் எழுத்தில் இருக்கும்.

புதியதை மாட்டியதும் த்ராட்டில் வரம்பு, செல் வகை, சாஃப்ட் கட், பிரேக், டைமிங் என்று வரிசையாக அமையுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்து, சிக்னல் அறுந்த நிலைக்கான ஃபெயில்சேஃபில் மோட்டார் நிற்கிறதா என்று பாருங்கள். புரொப்பெல்லரை மாட்டி, மாடலைக் கட்டி, முழு த்ராட்டில் அளவை மறுபடி எடுத்துப் பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் பறப்பை மூன்று நிமிடத்தில் முடித்து இறக்கி, மூக்கைத் திறந்து, இஎஸ்சி மீது விரலை வைத்துப் பாருங்கள்.